மஞ்சள் பையும் மன்றாட்டு மாலையும்

நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் பங்குத்தந்தையின் கையில் நற்கருணைச் சிமிழும், நோயாளர் எண்ணெயும், செபப் புத்தகமும் இருக்கும். நோயாளியின் தலைமாட்டில் செபமாலையும், தண்ணீர்ச் செம்பும், மாத்திரைப் பையும் இருக்கும். குருப்பட்டம் பெற்ற இந்த 28 ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில், எத்தனையோ மருத்துவமனைக் கட்டில்களின் அருகில் நாம் நின்றிருக்கிறோம். செபமாலையைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். செம்பிலிருந்து ஒரு மிடறு நீர் ஊற்றியும் கொடுத்திருக்கிறோம். அந்தப் பையை மட்டும் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது மருத்துவருடைய காரியம் என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் நம்மை எவ்வளவு பெரிய தவற்றில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை, இறைமக்களுக்கும் நம்மைப் போன்ற குருக்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

நாம் முன்பு பணியாற்றிய பங்கில் முதிய உபதேசியார் ஒருவர் இருந்தார். அவருக்கு அப்போது 78 வயது. மின்விளக்கு வராத காலத்தில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கிளைக்கிராமங்களுக்கு நடந்தே சென்று மறைக்கல்வி கற்பித்தவர். பங்கில் யார் இறந்தாலும் பெட்டியின் அருகில் நின்று மன்றாட்டு மாலையைப் புத்தகம் பாராமல் சொல்லுபவர் அவரே. புனிதர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் வாயிலிருந்து வரும் ஒழுங்கைக் கேட்கும்போது துக்க வீட்டின் அழுகை தானாக அடங்கும்.

ஒரு சாவு வீட்டில் அவர் மன்றாட்டு மாலையின் நடுவில் நின்றுபோனார். சொன்ன பெயரையே மீண்டும் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். பின்னால் நின்ற இளைஞர் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எஞ்சியதை நாமே சொல்லி முடித்தோம். திரும்பும் வழியில் அவருடைய மனைவி நம்மிடம், "சாமி, இப்பல்லாம் இவருக்கு ஒண்ணும் நெனப்பு நிக்க மாட்டேங்குது. நடுராத்திரியில எந்திரிச்சுக் கோயில் சாவி எங்கன்னு கேக்காரு. சாவியக் குடுத்து ஆறு வருசம் ஆச்சு" என்றார்.

"வயது ஆகிறது அல்லவா, அம்மா? எல்லாம் கடவுள் சித்தம். பொறுமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றோம். அதை ஆறுதல் மொழி என்றே அன்று நினைத்தோம்.

அடுத்த சில மாதங்களில் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. நடை சுருங்கியது. எப்போதும் சிரிப்புத் தங்கியிருந்த முகம் மரத்துப்போயிற்று. இருமுறை கிணற்றடியில் விழுந்தார். மாதந்தோறும் வீட்டுக்குச் சென்று நற்கருணை வழங்கினோம். நன்மை வாங்க வாய் திறக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. முதுமை தன் வேலையைச் செய்கிறது என்று எண்ணி ஆசி கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு விடியற்காலையில் அவருடைய பேரன் ஓடிவந்து பங்குப் பணி இல்லத்தின் கதவைத் தட்டினான். "தாத்தா கூப்பிட்டாப் பேசல சாமி!" நாம் சென்றபோது உபதேசியார் வியர்வையில் நனைந்து, கண்கள் பாதி மூடிய நிலையில் கிடந்தார். உறவினர்கள் தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றிவிட்டார்கள். நாமும் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, இறப்பவருக்கான செபங்களைச் சொன்னோம். அவருடைய மனைவியிடம், "ஆண்டவர் அழைக்கிறார். திருப்பூரில் இருக்கும் மகனுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றோம். கல்லறைத் தோட்டத்தில் எந்த இடம் என்றுகூட மனத்துக்குள் பார்த்து வைத்துவிட்டோம்.

பேரனுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்துவந்து, பக்கத்து ஊரில் அருட்சகோதரிகள் நடத்தும் சிறிய மருத்துவமனைக்குத் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே செவிலிச் சகோதரி விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தார். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து கிடந்தது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாம் திருப்பலி முடித்து அங்கே போய்ச் சேர்ந்தபோது உபதேசியார் கண் திறந்திருந்தார். நம்மைக் கண்டதும், "பூசை ஆயிருச்சா சாமி?" என்று கேட்டார். நமக்கு நா எழவில்லை.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் உபதேசியாரின் மனைவியை அழைத்து, "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையும் கொண்டு வாங்கம்மா. எல்லாம்னா எல்லாம். கடையில சொல்லி வாங்கினது, பக்கத்து வீட்டுல குடுத்தது, எதையும் விட்டுராதீங்க" என்றார். மாலையில் அந்த அம்மா ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையுடன் வந்தார். சகோதரி அதைப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலின் மேல் கொட்டினார். அட்டை அட்டையாக 14 வகை மாத்திரைகள் விழுந்தன. 3 ஆண்டுகளில் 4 மருத்துவர்களும், ஒரு மருந்துக்கடைக்காரரும், ஓர் உறவினரும் சேர்ந்து கொடுத்தவை அவை.

மருத்துவர் அவற்றை மருந்துச் சீட்டுகளுடன் ஒப்பிட்டு, தேதி வாரியாகக் கட்டிலின் மேல் வரிசைப்படுத்தினார். நாம் அருகில் நின்று பார்த்தோம். மூட்டுவலிக்காக முதலில் டைக்ளோபினாக் வந்திருந்தது. சில வாரம் என்று கொடுத்ததை அவர் ஆண்டுக்கணக்கில் விழுங்கியிருந்தார். அந்த வகை வலி மருந்து இரத்த அழுத்தத்தை உயர்த்தக் கூடியது. உயர்ந்த அழுத்தத்திற்காக அம்லோடிபின் சேர்ந்தது. அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். வீக்கத்தைக் கண்ட இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரை எழுதினார். அதனால் இரவெல்லாம் எழுந்து போவதும், எழும்போது தலை சுற்றுவதும் வந்தன. தலைச்சுற்றலுக்குப் புரோகுளோர்பெரசின் வந்தது. அது முதியோருக்கு நெடுநாள் கொடுக்கப்பட்டால் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கக் கூடும். நடுக்கத்தைக் கண்டவர் நடுக்குவாதம் என்று கருதி டிரைஹெக்சிபெனிடில் கொடுத்தார். அது முதியோரின் நினைவைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும், மலத்தைக் கட்டும். குழப்பத்தால் உறக்கம் கெட, உறக்க மாத்திரை வந்தது. இவ்வளவும் போதாதென்று, சர்க்கரை நோய்க்கான ஒரே மருந்து இரண்டு கம்பெனிகளின் இரண்டு பெயர்களில் இரண்டு அட்டைகளாக இருந்தது. முந்தின வாரம் அவர் பட்டணத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் படுத்திருந்து திரும்பியிருந்தார். அங்கே தந்த புதியதையும், வீட்டில் இருந்த பழையதையும் சேர்த்தே அந்த அம்மா பயபக்தியுடன் கொடுத்து வந்திருக்கிறார்.

"யாரும் தப்பு செய்யணும்னு செய்யல ஃபாதர்" என்றார் மருத்துவர். "ஒவ்வொருத்தரும் அவங்க முன்னாடி இருந்ததுக்கு மருந்து எழுதியிருக்காங்க. மொத்தத்தையும் ஒருத்தரும் பார்க்கல."

அந்தச் சொல் நம் உள்ளத்தில் தைத்தது. இதைப் பற்றி அறிய வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் பிறந்தது. அந்த மருத்துவரே சில கட்டுரைகளைத் தந்து விளக்கினார். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை ஒருவர் தொடர்ந்து உட்கொள்ளும் நிலைக்கு மருத்துவ உலகில் தனிப் பெயரே உண்டு. நாம் அதைப் 'பல மருந்து நிலை' என்று அழைக்கலாம். ஒரு மருந்தின் பக்க விளைவைப் புதிய நோய் என்று கருதி அதற்கு இன்னொரு மருந்து கொடுக்க, இப்படியே மருந்து மருந்தைப் பெறுகின்ற தொடரைப் பௌலா ரோஷோன், ஜெர்ரி கர்விட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் விளக்கி எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்னே, 1991-இல், மார்க் பியர்ஸ் என்னும் அமெரிக்க முதியோர்நல மருத்துவர், முதியோருக்குக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை உருவாக்கினார். அது பலமுறை திருத்தப்பட்டு 2023-இலும் புதுப்பிக்கப்பட்டது. நம் உபதேசியாரின் பையில் கிடந்த டிரைஹெக்சிபெனிடில் அதில் இடம்பெற்றிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் மருந்தால் தீங்கு நேராமல் காக்கும் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியபோது, சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை என்று மூன்றைக் குறித்தது. அவற்றுள் ஒன்று இந்தப் பல மருந்து நிலை. மற்றொன்று, நோயாளி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும், ஒரு மருத்துவரிடமிருந்து மற்றொருவருக்கும் மாறிச் செல்லும் வேளை. நம் உபதேசியார் இரண்டிலும் அகப்பட்டிருந்தார்.

முதுமையில் மட்டும் இது ஏன் இவ்வளவு கொடுமையாகிறது? வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வடிக்கும் ஆற்றல் குறைகிறது. எனவே முன்பு ஒரு நாளில் வெளியேறிய மருந்து பின்பு உடலிலேயே தங்கிச் சேர்கிறது. உடலில் நீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், டயசிபாம் போன்ற உறக்க மருந்துகள் கொழுப்பில் புகுந்து நாள்கணக்கில் தங்கிவிடுகின்றன. மூளையும் முன்னிலும் எளிதாக மயங்குகிறது. நாற்பது வயதில் நன்மை செய்த அதே அளவு எண்பது வயதில் தீமை செய்யலாம். இதனை உணர்ந்தே நம் நாட்டிலும் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே டாக்டர் வி.எஸ். நடராசன் அவர்களின் முயற்சியால் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. ஆனால் சிற்றூர்களின் முதியவர்களுக்கு இவை இன்னும் தொலைவிலேயே இருக்கின்றன.

இனி, நம் பங்கைச் சொல்ல வேண்டும்.

உபதேசியாரின் மருந்துச் செலவில் ஒரு பகுதியைப் புனித அந்தோணியார் உண்டியல் பணத்திலிருந்து பங்கு கொடுத்து வந்தது. மாதந்தோறும் மருந்துக்கடையின் இரசீது வரும். நாம் கீழே இருக்கும் தொகையைப் பார்த்துக் கையொப்பமிடுவோம். மேலே இருக்கும் பெயர்களைப் படித்ததில்லை. சென்ற ஆண்டு இருந்ததைவிடத் தொகை இருமடங்காயிற்றே, ஏன் என்று கேட்டதில்லை. ஏழைக்கு உதவுகிறோம் என்ற மனநிறைவு மட்டும் குறைவில்லாமல் இருந்தது. அன்று இரவு பழைய இரசீதுகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது, மருத்துவர் கட்டிலின் மேல் அடுக்கிய அதே வரிசை நம் கையொப்பங்களுடன் அப்படியே இருக்கக் கண்டோம்.

அதைவிடப் பெரிய தவறு, "கடவுள் சித்தம்" என்று நாம் சொன்ன அந்த ஒரு சொல். குருமடத்தில் இறையியல் பயின்றபோது, கடவுள் விரும்புவது வேறு, அவர் அனுமதிப்பது வேறு என்று படித்தோம். தீமை நிகழ வேண்டும் என்று கடவுள் விரும்புவதில்லை, அது நிகழ விடுகிறார், அவ்வளவே என்பது தூய தோமா அக்குவினாவின் தெளிவான போதனை. தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். வாழ்க்கையிலோ, மனிதர் கவனியாமல் விட்டதை எல்லாம் கடவுளின் பெயரில் எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கிறோம். நாம் அப்படிச் சொன்ன பிறகு, அந்த அம்மா மேற்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பார்? கேள்வியின் வாயை நாமே அடைத்துவிட்டோம். இறைவனின் பெயரை வீணாகச் சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளையை இதுவரை ஆணையிடுவோருக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தோம்.

திருநூலை இந்தக் கண்ணோடு மறுபடியும் வாசித்தோம். சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம், மருந்தை நிலத்திலிருந்து தந்தவர் ஆண்டவரே என்றும், அறிவுடையோர் அதை வெறுக்கமாட்டார் என்றும் கற்பிக்கிறது. ஆகவே மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதே அதிகாரம் இன்னொன்றும் கூறுகிறது. நோயைச் சரியாகக் கண்டறியும் வரம் வேண்டி மருத்துவரும் கடவுளை மன்றாடுவாராம். சரியாகக் கண்டறிய வேண்டும் என்று நாம் என்றாவது மன்றாடியிருக்கிறோமா? மாற்கு நற்செய்தியில் இரத்தப்போக்கினால் வருந்திய பெண், மருத்துவர் பலரிடம் போய், கைப்பொருள் எல்லாம் இழந்து, நோய் முற்றிய நிலையில் இயேசுவிடம் வருகிறாள். கூட்டம் நெருக்கும் அந்த நேரத்திலும் அவர் நிற்கிறார், திரும்பிப் பார்க்கிறார், யார் என்று கேட்கிறார். அவளும் நிகழ்ந்த உண்மை முழுவதையும் அவரிடம் சொல்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளில் முழுவதையும் கேட்க ஒருவர் நின்றது அன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக, அருகில் இருந்து கவனிப்பவனையும் மருத்துவத்தின் பகுதியாக வைத்திருக்கிறார். மருத்துவம் படிக்காத நமக்கும் அந்த நான்காம் இடத்தில் வேலை உண்டு. அந்த இடத்தைத்தான் நாம் காலியாக விட்டிருந்தோம்.

உபதேசியாருக்கு நாம் கொடுத்த அருட்சாதனத்தைப் பற்றியும் யோசித்தோம். நம் முன்னோர் அதை 'அவஸ்தைப் பூசுதல்' என்றார்கள். அது சாகும் தறுவாயில் இருப்பவர்க்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கற்பித்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் புதிய சடங்குமுறையைத் தந்தார். பெயரை 'நோயில் பூசுதல்' என்று மாற்றிக்கொண்டோம். ஆனால் எண்ணெய்ச் சிமிழை எடுக்கும்போது நம் மனம் இன்னும் கல்லறைப் பக்கமே நடந்தது.

மருத்துவர் அந்த 14 வகையைச் சிறுகச் சிறுகக் குறைத்து 5 ஆக்கினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவில்லை. உறக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து என்று சொல்லி, வாரக்கணக்கில் அளவைக் குறைத்தார். அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் தேவையான மருந்துகள் தொடர்ந்தன. மூட்டுக்கு ஒத்தடமும், மெல்லிய பயிற்சியும், தேவைப்படும் நாளில் மட்டும் பாரசிட்டமாலும் போதுமாயின. முதலில் குழப்பம் தெளிந்தது. நடுக்கம் குறைய மாதங்கள் ஆயின. முழுவதும் போகவில்லை.

அடுத்து வந்த பிப்ரவரி 11, உலக நோயாளர் நாள். 1993 முதல் திருச்சபை கொண்டாடிவரும் அந்நாளில் வழக்கமான திருப்பலியும் பழமும் ரொட்டியும் மட்டும் போதாது என்று பங்குப் பேரவையில் சொன்னோம். முதியோர் அனைவரும் வீட்டில் உள்ள மாத்திரைகளை எல்லாம் பையோடு கொண்டுவர வேண்டும் என்று அன்பியங்கள் வழியாக அறிவித்தோம். கோயில் வராந்தாவில் மேசை போட்டு, இரண்டு செவிலிச் சகோதரிகளும், மருந்தாளுநர் படிப்பு முடித்த நம் பங்கு இளைஞர் ஒருவரும் அமர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். மருந்தின் உண்மைப் பெயர், யார் கொடுத்தது, எதற்காக, எப்போதிருந்து. எந்த மாத்திரையையும் நாங்களாக நிறுத்தவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொன்னோம். ஐந்து நாளைக்குக் கொடுத்ததை மூன்று ஆண்டுகளாக உட்கொண்டவர் இருந்தார். இறந்துபோன கணவரின் மாத்திரையை வீணாக்கக் கூடாதென்று தாம் விழுங்கிவந்த மூதாட்டி இருந்தார். இன்னொரு கைம்பெண், பணம் போதாமல் அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி பாதியாக உண்டு வந்தார். அவருக்குக் கூடுதல் மருந்து பிழையன்று, குறைவுதான் பிழை. 2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டுக்கே வருவதை அவர் அறிந்திருக்கவில்லை. பெயரைப் பதிந்து கொடுத்தோம்.

அன்று மாலை உபதேசியார் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து, நடந்ததை எல்லாம் சொல்லி, "ஐயா, உங்கள் நோயைக் கடவுள் தலையில் போட்டுவிட்டு நாம் போய்விட்டோம். உயிரோடு இருந்த உங்களைச் சாவுக்கு அனுப்பிவைத்தோம். மன்னிக்க வேண்டும்" என்றோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மறுபக்கத்தில் நாமே முழந்தாளிட்டிருப்பது போல இருந்தது.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "என்ன சாமி இப்படிச் சொல்லுதீக? எண்ணெய் பூசினா எந்திரிப்பான்னு நான்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன்? நீங்க பூசினீக, நான் எந்திரிச்சேன். இடையில பேரன் ஆட்டோ பிடிச்சான், அவ்வளவுதான்" என்றார். யாக்கோபு திருமுகம் நோயுற்றவரை ஆண்டவர் எழுப்பிவிடுவார் என்று கூறுவதை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அதன் பொருளை உபதேசியார் நமக்கு மறைக்கல்வியாகச் சொல்லித்தந்தார்.

அந்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மன்றாட்டு மாலையை அவரே முன்னின்று சொன்னார். கை நடுங்கியது. ஓரிடத்தில் தயங்கி நின்றார். மக்கள் காத்திருந்தார்கள். விட்ட பெயரைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே சென்றார்.

இப்போது நோயாளியின் வீட்டுக்குச் செல்லும்போது, செபம் தொடங்கும் முன்னர் நாம் ஒன்று கேட்கிறோம்: "அம்மா, அந்த மாத்திரைப் பையைக் கொஞ்சம் எடுங்கள், பார்ப்போம்." உங்கள் வீட்டிலும் தாயோ தந்தையோ இருப்பார்களாயின், இந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வீடு சேர்ந்ததும் நீங்களும் அப்படிக் கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரே மருத்துவர் முன்னால் வையுங்கள். நாலாவது கட்டளையை நிறைவேற்ற அதுவும் ஒரு வழி.